ஏரிக்கு வெளியே ஏழு ஏக்கர்: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கும், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயல் அலுவலர் ஐயா அனைவருக்கும் வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான திட்ட அறிக்கை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். புளோயர் வைத்துக் காற்று ஊதும் நிலையம் என்றும் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறுவதற்கு முன் என் பேச்சையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். உள்ளாட்சியில் இளநிலைப் பொறியாளராக 26 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏரியின் கடை மதகுக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் நெல் வைக்கிறேன். இரண்டு வருடமாக என் வயலுக்கு நடவுக்கு ஆள் வருவதில்லை. சேற்றில் இறங்கினால் கால் முழுக்க அரிப்பு, கொப்புளம் என்று அந்தப் பெண்கள் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தண்ணீர், ஊர்ச் சாக்கடை வந்து விழும் ஏரியிலிருந்துதான் வருகிறது என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். இயந்திர நிலையத்துக்குப் பதில் நாணல் படுக்கை போடுங்கள். அறிக்கைகளில் இதைக் கட்டமைக்கப்பட்ட ஈரநிலம் என்று எழுதுவார்கள். சிலர் வேர்மண்டல முறை என்பார்கள். பெயர் எதுவானாலும், ஜல்லி நிரப்பிய அகலமான தொட்டிகளில் நாணலும் சம்பும் கல்வாழையும் நட்டு, வண்டல் வடிந்த சாக்கடைத் தண்ணீரை அதன் வழியே மெதுவாக ஓடவிடுவதுதான் வேலை.

இயந்திர நிலையம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கும் கோவைக்கும் அது இல்லாமல் முடியாது. அங்கே நிலம் கிடைக்காது, ஆனால் பழுது பார்க்க ஆளும் உதிரிபாகமும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். நம் ஊரில் நிலம் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் அப்படி ஒரு நிலையம் கட்டினோம். ஒப்பந்ததாரர் ஆள் இருந்த காலம்வரை தண்ணீர் தெளிவாகவே வந்தது. அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் புளோயர் பேரிங் போனது. விலைப்புள்ளி வாங்கி, கோப்பு மேலே போய், ஒப்புதல் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் தொட்டியில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர் எல்லாம் காற்றில்லாமல் செத்து, கருப்புக் குழம்பாகிவிட்டது. மறுபடி ஓட்டியபோது மாதாமாதம் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து அலுவலகமே திகைத்தது. கடைசியில், சாக்கடையைச் சுத்திகரிக்காமல் அப்படியே வெளியே விடும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டார்கள். நான் மாற்றலாகிப் போகும் நாள்வரை அது மூடப்படவில்லை. திறக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தக் குற்றவுணர்வு இந்த மடலில் இருக்கிறது.

அந்த ஊர் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவியிருக்கும் நிலையங்களின் கொள்ளளவு 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவதோ 20,236 மில்லியன் லிட்டர். கட்டிய கொள்ளளவிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படாமல் கிடக்கிறது.

நாணல் படுக்கை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "செடி எப்படி ஐயா சாக்கடையைக் குடிக்கும்?" என்று ஒரு கவுன்சிலர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. செடி குடிப்பது மிகக் கொஞ்சம். பெரும்பாலான வேலையைச் செய்வது ஜல்லிக்கல்லின் மேல் வழவழவென்று படியும் நுண்ணுயிர்ப் படலம். தண்ணீர் கல்லுக்குக் கல் ஊர்ந்து போகும்போது அதில் கரைந்திருக்கும் அழுக்கை அந்தப் படலம் தின்கிறது. வேர்கள் அந்த உயிர்களுக்கு இடம் கொடுக்கின்றன, சிறிதளவு காற்றையும் கீழே இறக்குகின்றன. படுக்கையின் ஆழம் சுமார் இரண்டு அடி. தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு நான்கு விரற்கடை கீழேயே நிற்கும்; மேலே நின்று பார்த்தால் செடியும் கல்லும்தான் தெரியும். எனவே கொசு முட்டையிட இடமில்லை. எங்காவது மேலே தண்ணீர் தேங்கி நின்றால், படுக்கை அடைத்துவிட்டது அல்லது வெளியேறும் குழாயை உயரத்தில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஊர்ச்சரிவு ஒத்துழைத்தால் மோட்டார்கூடத் தேவைப்படாது.

இது நேற்று முளைத்த யோசனையல்ல. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மையார் 1950-களிலேயே மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் நீர்ச்செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்த்தார். அவருடன் வேலை செய்த ரைன்ஹோல்ட் கிக்குத், 1974-ல் ஓத்ஃபிரெசன் என்ற ஊரின் கழிவுநீருக்கு நாணல் படுக்கை அமைத்தார். அவர் ஜல்லி போடவில்லை, களிப்பாங்கான மண் போட்டார். வேர் ஊடுருவ ஊடுருவ மண் தானாக இளகி வழிவிடும் என்று நம்பினார். மண் இளகவில்லை. அதே முறையில் போட்ட பல படுக்கைகளில் தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே வழிந்து ஓடியது. பிறகு 1980-களில் இங்கிலாந்துக்காரர்கள் மண்ணை விட்டுவிட்டுக் கழுவிய ஜல்லிக்கு மாறினார்கள். இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு நம் ஊரில் டெண்டர் எடுப்பவர் செலவைக் குறைக்க கிரஷர் தூளோடு கலந்த ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனால், முதல் வருடமே படுக்கை அடைத்துக்கொள்ளும். ஜல்லியைச் சலித்தார்களா, கழுவினார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். சிமெண்ட் மூட்டையை எண்ணுவதைவிட இது முக்கியம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் வடக்கே ஆர்கேட்டா என்று ஒரு சின்ன ஊர். மக்கள் தொகை நம் ஊரைவிடச் சற்றே அதிகம், ஏறக்குறைய 18,000. 1970-களில் அந்த ஊரை ஒட்டிய வளைகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய நிலையம் கட்டி, கழிவுநீரைக் கடலில் கொண்டுபோய் விடலாம் என்று பெருஞ்செலவில் ஒரு திட்டம் வந்தது. ஆர்கேட்டா மன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ராபர்ட் கியர்ஹார்ட்டும் ஜார்ஜ் ஆலனும் சதுப்பு நிலமே இந்த வேலையைச் செய்யும் என்று மன்றத்துக்குப் பக்கபலமாக நின்றார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. 1979 முதல் 1982 வரை சோதனைப் பாத்திகள் போட்டு, அளந்து, எண்களைக் கொண்டுபோய் மாநில அதிகாரிகள் முன் வைத்தார்கள். 1986-ல் முழுத் திட்டமும் ஓடத் தொடங்கியது. பழைய குப்பைமேடும் கைவிட்ட மர ஆலைக் குளங்களும் இருந்த கரையோரம் இன்று சரணாலயம். ஊர்க்காரர்கள் காலையில் நடக்கப் போவதும், பறவை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவதும் அங்கேதான். அங்கே இருப்பது திறந்த நீர்ப்பரப்பு முறை. கொசுத் தொல்லை உள்ள நமக்கு அது ஒத்துவராது. அவர்களும் செடியை மட்டும் நம்பவில்லை: முன்னால் பெரிய குட்டைகள், பின்னால் கிருமிநீக்கம் என்று வரிசை உண்டு. நம் மன்றம் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சோதனைப் பாத்தியைத்தான். முழுத் தொகையையும் ஒரே டெண்டரில் விடாமல், முதலில் ஒரு தெருவின் கழிவுநீருக்கு ஒரு பாத்தி போட்டு ஒரு வருடம் பாருங்கள்.

பிரான்சில் சிற்றூர்களுக்கு இதே முறை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அங்கே வண்டல் தொட்டிகூட இல்லாமல், சல்லடையில் வடித்த சாக்கடையை நேரே படுக்கையின் மேல் விடுகிறார்கள். அதற்கு ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று படுக்கை; மூன்றரை நாள் ஒன்றுக்குத் தண்ணீர் விட்டால் ஏழு நாள் அதற்கு ஓய்வு. காய்கிற நாட்களில் மேலே படிந்த கசடு மட்கி எருவாகிறது. நிலத்தை ஆறப்போட்டு உழுகிற நமக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் புதுச்சேரிக்குப் போங்கள். தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரை 2000-களின் தொடக்கத்திலிருந்தே வண்டல் தொட்டி, தடுப்புச் சுவர்த் தொட்டி, செடி நட்ட ஜல்லிப் படுக்கை, கடைசியில் ஒரு குட்டை என்ற வரிசையில் சுத்தம் செய்து வளாகத் தோட்டத்துக்கே விடுகிறது. பக்கத்தில் ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் இதே வேலை நடக்கிறது. ஒரு வேன் பிடித்தால் மன்றம் முழுவதும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம்.

நிலக் கணக்குக்கு வருகிறேன். நம் ஊர் ஜனம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குத் தலைக்கு 70 லிட்டர் குடிநீர் என்பது மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் கையேடு சொன்ன அளவு. அதில் 80 விழுக்காடு சாக்கடையாகத் திரும்பும். ஆக, நாளொன்றுக்கு 8,40,000 லிட்டர். வெப்பமான இடங்களில் ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுக்கை போதும். நடுவில் ஒன்றரை என்று எடுத்தால் 22,500 சதுர மீட்டர், அதாவது ஐந்தரை ஏக்கர். தண்ணீர் அதற்குள் ஏறக்குறைய ஆறு நாள் தங்கிப் போகும். வண்டல் தொட்டி, கசடு உலர்த்தும் பாத்தி, கடைசிக் குட்டை, லாரி போய்வரப் பாதை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு ஏக்கர். கிழக்கே, ஊருக்கும் ஏரிக்கும் நடுவில், கருவேல முள் மண்டிக் கிடக்கும் தரிசுப் புறம்போக்கு அதைவிடப் பெரியது. சரிவும் அந்தப் பக்கம்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "ஏரியே சும்மாதானே கிடக்கிறது, அதற்குள்ளேயே நாணலை நட்டுவிட்டால் நிலம் மிச்சம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். ஏரி குடிமராமத்து செய்து காத்த நீர்நிலை. அது சாக்கடைத் தொட்டியல்ல. படுக்கை என்பது அடியில் தண்ணீர் இறங்காதபடி தளம் போட்டுக் கட்ட வேண்டிய ஒன்று. அது ஏரிக்கரைக்கு வெளியே, உச்ச நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஏரிக்குள் நட்டால் ஒரே வருடத்தில் அங்கே ஆகாயத்தாமரைதான் மிஞ்சும், ஆக்கிரமிப்புக்கும் வழி பிறக்கும்.

நம் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் வழிவதும், குளியல் தண்ணீரும், ஓட்டல் எண்ணெயும், மீன் கடைக் கழுநீரும் ஒரே திறந்த கால்வாயில்தான் ஓடுகின்றன. ஆகவே கால்வாய் ஏரியில் விழும் இடத்துக்கு முன்பாக மறித்துத் திருப்ப வேண்டும். வறண்ட நாளில் இது சுலபம். ஐப்பசி கார்த்திகையில் அதே கால்வாய் ஆறு மாதிரி வரும். அந்தச் சேற்றுவெள்ளம் படுக்கைக்குள் புகுந்தால் ஒரே இரவில் எல்லாம் போச்சு. எனவே திருப்பும் இடத்தில் மிகுநீர் வழிந்தோடக் கலிங்கு மாதிரி ஒரு தடுப்பணை கட்டாயம். இரும்புக் கம்பிச் சல்லடை இரண்டு வேண்டும், ஒன்றை எடுத்துக் கழுவும்போது மற்றது வேலை செய்ய. ஷாம்பு பாக்கெட்டும் கேரி பேகும் எவ்வளவு வரும் என்று உங்கள் வார்டுத் தூய்மைப் பணியாளர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். ஓட்டல்களுக்கு எண்ணெய்ப் பொறி, அதாவது எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, கட்டாயமாக்க மன்றத்துக்கே அதிகாரம் இருக்கிறது.

இனி நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். நாணல் படுக்கைக்கு மின்சாரம் வேண்டாம் என்றேன். ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு விடுதி வளாகத்தில் போட்ட படுக்கையைச் சில வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். நாணலைவிட ஆமணக்கு உயரமாக நின்றது, ஜல்லிக்கு மேலே கருப்புத் தண்ணீர். காவலாளியிடம் கேட்டேன், "இது தானாகவே ஓடும்னு சொல்லிட்டுப் போனாங்க சார்" என்றார். முன்னால் இருந்த வண்டல் தொட்டியைத் திறந்து மூங்கில் கழியை இறக்கிப் பார்த்தால் முக்கால் ஆழம் கசடு. கட்டிய நாள் முதல் ஒருமுறைகூட உறிஞ்சி எடுக்கவில்லை. கசடு நிரம்பியதும் அது அடுத்த கட்டத்துக்குப் போய் ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிட்டது. செடியின் மேல் குற்றமில்லை, ஜல்லியின் மேலும் இல்லை.

ஆகவே தலைவர் அம்மா, கட்டுமானத் தொகைக்கு ஒப்புதல் கொடுக்கும் அதே தீர்மானத்தில் மூன்று ஆட்களுக்கான சம்பளத்தையும், ஆண்டுதோறும் கசடு எடுக்கும் செலவையும் எழுதுங்கள். தனிக் கணக்குத் தலைப்பில் எழுதுங்கள். பராமரிப்பு என்று பொதுவாக எழுதினால் அந்தப் பணம் தெருவிளக்குக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மூவரும் தினமும் சல்லடை கழுவ வேண்டும், தண்ணீரைப் படுக்கை மாற்றிவிட வேண்டும், வெளியேறும் குழாயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும், களை பிடுங்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை நாணலை அறுக்க வேண்டும். கையுறை, கம்பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை, மாதம் பிறந்தால் சம்பளம். கசடு எடுக்க எந்த மனிதரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது குற்றம்தான். உறிஞ்சும் லாரி உள்ளே வர வழி, மேலிருந்தே குழாய் இறக்க மூடி, இரண்டையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

செப்டிக் டேங்க் லாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடம் இருக்கிறதே என்று அவர்களை இந்தப் படுக்கையில் கொட்ட விடாதீர்கள். லாரியில் வரும் மலக்கசடு சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு அடர்த்தி. இரண்டு லோடு போதும் படுக்கையைக் கெடுக்க. அதற்குத் தனியாக உலர்த்தும் பாத்தி வேண்டும். 2014-ல் மாநில அரசு இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது, கருங்குழிப் பேரூராட்சியில் அப்படி ஒரு நிலையமும் இருக்கிறது.

வெளியே வரும் தண்ணீர் எப்படி இருக்கும்? சரியாகப் பராமரித்தால், மத்திய அரசின் 2017 அறிவிக்கை நம்மைப் போன்ற ஊர்களுக்குச் சொன்ன உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் உள்ள அழுக்கு மட்க எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் கொண்டுவரலாம். நாற்றம் இருக்காது, கலங்கல் இருக்காது. ஆனால் கிருமி முழுவதும் போகாது. கடைசிக் குட்டையில் வெயில் பட வைத்தாலும், தேவைப்படும்போது குளோரின் கலந்தாலும், இந்தத் தண்ணீரைக் கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விடக் கூடாது. தென்னைக்கு விடலாம், தீவனப்புல்லுக்கு விடலாம், நெல்லுக்கு ஏரித் தண்ணீரோடு கலந்து வரலாம். நாணலை விற்றுப் பேரூராட்சிக்கு வருமானம் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அறுத்த நாணல் அறுப்புக் கூலிக்கு ஈடானாலே பெரிது.

செலவு அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். நிலத்தை விலைக்கு வாங்கினால் அது உண்மை. புறம்போக்கை வருவாய்த் துறையிடமிருந்து பேரூராட்சிக்கு மாற்றி வாங்க மன்றத் தீர்மானம் ஒன்று போதும், மீதியைத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்கிற நடை பார்த்துக்கொள்ளும். அந்த நடையை நான் நடக்கத் தயார், எனக்குச் சம்பளம் வேண்டாம்.

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, வடக்குத் தெருக் கால்வாய் ஏரியில் விழும் இடத்துக்கு வாருங்கள். ஊர் குளித்து முடிக்கும் நேரம், தண்ணீர் வரத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியும் அதற்கான அளவுகோலும் என்னிடம் இருக்கின்றன. அங்கிருந்து தரிசு வரைக்கும் மட்டம் எடுத்துப் பார்த்துவிடலாம். செயல் அலுவலர் ஐயா, புல எண் வரைபடத்தை மட்டும் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இளநிலைப் பொறியாளர்,
கடை மதகு ஆயக்கட்டு விவசாயி.